மக்காவ் வெள்ளத்தில் நீ இறங்கிய நாள்

பாபநாசம்
செப்டம்பர் 29

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய். காது கேட்டுக்கொண்டது, மனசு இன்னும் நம்ப மாட்டேன் என்கிறது. போனில் இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் புயல் அடித்த அன்றைக்கு இங்கே குறுவை அறுவடை. மெஷின் வயலில் இறங்கியிருந்தது. பக்கத்து வயல் இளையபெருமாள் செல்போனைக் கொண்டுவந்து காட்டினார். உங்கள் மக்காவ் நகரில் பத்தாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். நாகப்பட்டினத்தில் பத்து ஏற்றினால் என்ன நடக்கும் என்று கஜா புயலில் பார்த்தவன் நான். உனக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். உன்னோடு தங்கியிருக்கும் எழில்மொழிக்கும் அப்படியே. மெஷின்காரரைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நீ படம் அனுப்புவாயே, கறுப்பும் வெள்ளையுமாக அலை போலக் கல் பதித்த அந்தத் தெரு, அது முழுக்கச் சேற்றுத் தண்ணீர். இரண்டு நாள் அவள் சோறு தொடவில்லை. வேளாங்கண்ணி மாதாவிடம் சண்டை போடுவது போலவே பேசிக்கொண்டிருந்தாள். மக்காவ் நகரிலிருந்து கிளம்பி நம் கடலில் புயலில் மாட்டிய போர்ச்சுகீசியக் கப்பலை நீதானே கரை சேர்த்தாய், அதே ஊரில் என் பிள்ளையைக் காப்பாற்ற உனக்கு என்ன, என்று கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் நீ கூப்பிட்டு, கரண்ட் இல்லை, வேறு ஒன்றுமில்லை என்றாய். நாங்களும் நம்பினோம். நிறுத்திப் போட்ட நெல் மழையில் சாய்ந்துவிட்டது, போகட்டும்.

போன வாரம் எழில்மொழி என்னைக் கூப்பிட்டது. ஜாய்ஸ் கால் காயம் ஆறிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தது. என்ன காயம் என்றேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் பேசியிருக்கிறது, பாவம். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. உங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அல்பெர்த்தோ ஐயாவைப் பற்றி நீயே நிறையச் சொல்லியிருக்கிறாய். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா சீனாக்காரர், போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்துத் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், ஊர் சீனா கைக்குப் போய் அவர்கள் கொடி இறங்கிய அன்று அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றவர், மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கோழி சமைத்து உங்கள் இரண்டு பேருக்கும் கொடுப்பவர். நடக்க முடியாத மனிதர் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தாராம். நீங்கள் கதவை உடைத்து, நாற்காலியோடு அவரைப் படியேற்றியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு அவருடைய மருந்துப் பையை எடுக்க நீ மறுபடி இறங்கினாயாம். தண்ணீர் ஒன்பதாம் படிக்கு வந்துவிட்டதாம். எழில்மொழி கத்திக்கொண்டே நின்றதாம், உன் தலை தெரியவில்லையாம். பிறகுதான் பையோடும் வெட்டுப்பட்ட காலோடும் நீ மேலே வந்தாயாம்.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மகளே. தரங்கம்பாடியில் உன் ஆண்டனி மாமா சுனாமியில் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை. அவர் முதல் முறை போய் எதிர்வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டார். குழந்தையின் தாயைக் காணோம் என்று இரண்டாம் முறை இறங்கினார். அவ்வளவுதான். உன் பிடிவாதம் அவருடையது என்று நாங்கள் சிரித்துப் பேசியதெல்லாம் இப்போது நெஞ்சில் குத்துகிறது.

இதை அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்று படித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. எழில்மொழி எனக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டதாம். உங்களுக்கு பிரஷர் இருக்கே, எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன் என்றாள். ஒரு வாரமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு பயந்திருக்கிறோம். அந்த வீட்டைக் காலி செய், துறைமுகத்தை விட்டு மேட்டுப் பக்கம் போ, இல்லாவிட்டால் ஊருக்கே வந்துவிடு என்று எழுதப்போகிறேன் என்றேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சொல்றத எழுதுங்க என்றாள். அப்படியே எழுதுகிறேன்: "பாப்பா, எங்க அண்ணனுக்கு அன்னைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லல. உனக்குக் கூண்டு ஏத்திச் சொல்றாங்கல்ல. எட்டு ஏத்துன உடனே அந்த ஐயாவையும் அவர் மருந்தையும் மேல கொண்டுபோயிடு. அப்புறம் நீ கீழ இறங்கவே வேணாம்."

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அவள் சொன்னதற்கு மேல் சொல்லவும் ஒன்றுமில்லை. காயத்துக்கு ஊசி போட்டாயா என்று மறக்காமல் எழுது. எழில்மொழியைத் திட்டாதே. அல்பெர்த்தோ ஐயாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
குழந்தைராஜ்

கீழே உள்ள கோணல் கையெழுத்து அம்மாவுடையது, அவளே போட வேண்டும் என்றாள்.
விண்ணரசி