உஸ்மான் பாயின் வழுக்கை

பிரியமுள்ள ஹஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மெஹ்னாஸ் குட்டியும் சுகம்தானே? உம்மாவின் முட்டிவலி தேவலையா? தாம்பரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று வேலை போகப் பார்த்தது, போகவில்லை. பயப்படாமல் படி.

திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட் செய்யும் உஸ்மான் பாய்க்கு வெப்சைட் செய்கிறேன் அல்லவா? அவரிடம் தன் காலனிக்குக் கேட் வாங்க நினைக்கும் சுப்ரமணியன் சாருக்குக் கண் தெரியாது. அவருடைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கும். படங்களில் இருப்பதை நாம் எழுதிவைத்தால் அதையும் சொல்லும். பாய் கேட் பக்கத்தில் நிற்கும் படத்துக்கு நானும் உள்ளபடி எழுதிவைத்தேன். நேற்று சார் வெப்சைட்டைத் திறந்தார். பாயும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் இங்கிலீஷில் முழங்கியது: "வழுக்கைத் தலையர் ஒருவர் கேட் அருகே முறைத்தபடி நிற்கிறார்."

பாய் அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "இன்னா தம்பி! கண்ணு தெரியாதவருக்கு என் மண்டைய பத்தி இன்னாத்துக்கு சொல்ற?"

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "முதலாளி தலை விஷயத்துலயே பொய் சொல்லலை. அப்போ உங்க இரும்பு கேட்டும் சொன்னபடி நல்லாத்தான் இருக்கும். ஆர்டர் எழுதிக்குங்க."

பாய் குளிர்ந்துபோனார். "வழுக்கை இருக்கட்டும். முறைக்கிறாருன்றத மட்டும் சிரிக்கிறாருன்னு மாத்திடு."

அப்புறம், உம்மா அரைத்த மீன் மசாலா கொஞ்சம் அனுப்பு. மெஹ்னாஸின் போட்டோவுக்காக ஸ்டூடியோவுக்கு அலையாதே. நான் எழுதியதுபோல நீயும் எழுது: என்ன சட்டை, எங்கே நிற்கிறாள், எப்படி இருக்கிறாள். என்னைத் தேடி அழுதால், அழுகிறாள் என்றே எழுது. பாயைப் போல மாற்றச் சொல்ல மாட்டேன்.

தபால்பெட்டியைத் திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் அயூப்