பசை இறுகும் வரை

மார்ச் 3, செவ்வாய்
பாப்பா வடிவமைத்த சில்லுகள் இன்று வந்து சேர்ந்தன. ஐந்தில் இரண்டுதான் தேறின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. கண்ணாடி இழை வழியே ஒளியாக வரும் செய்தியை மின்சாரமாக மாற்றாமல், ஒளியாகவே பிரித்து வேண்டிய வழியில் அனுப்பும். நான்கு வருடம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். சில்லின் ஓரத்தில் இழையைப் பொருத்திப் பசை வைத்து ஒட்டுவது என் வேலை. தங்கை பொறியாளர், அண்ணன் ஒட்டுப் போடுகிறவன் என்று நிறுவனத்தில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பாப்பாவைச் சேர்த்திருக்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "அது வேலை செய்யறத நான் பாத்துடணும்ணா" என்றாள். ஒரு வாரம் தாண்டினாலே பெரிது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 5, வியாழன்
பசை தானாக இறுக இரண்டு நாள் வேண்டும். சூடு காட்டினால் ஒரு மணி நேரம். சூடு காட்டினேன். ஆறியதும் பசை சுருங்கி இழையை இழுத்துவிட்டது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும். ஒளி உள்ளே போகவில்லை. பிரித்தெடுக்கப் போனேன், சில்லின் விளிம்பு பெயர்ந்துகொண்டு வந்தது.

இருபது வருட அனுபவமாம். மண்ணாங்கட்டி.

மார்ச் 6, வெள்ளி
எழுதவே கூசுகிறது. அவளுடைய பழைய கோப்பிலிருந்து, சில்லில் ஒளி பிரிந்து போகும் ஒரு படத்தை எடுத்துப் போய், "வந்துடுச்சு பாப்பா, பாரு" என்று நீட்டினேன். கைபேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நான் கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கோட படம்ணா. நெஜத்துல இவ்ளோ சுத்தமா வராது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போயிருக்கிறேன்! கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை.

"எத்தனை மிச்சம்?"

"ஒண்ணு."

"அதுக்குச் சூடு காட்டாத. ரெண்டு நாள் தானா இறுகட்டும்."

"அதுக்குள்ள..."

"தெரியும்ணா. டாக்டர் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. நான் பாக்கணுங்கறதுக்காக அதக் கெடுத்துடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

மார்ச் 9, திங்கள்
சனி, ஞாயிறு முழுக்க இழையைச் சரியான இடத்தில் நிறுத்துவதிலேயே போயிற்று. இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பசை வைத்தேன். புதன் மூன்று மணிவரை தொடக் கூடாது.

மார்ச் 10, செவ்வாய்
அம்மா போன் செய்தாள். "பாப்பா பேசறத நிறுத்திட்டாடா. கண்ணு மட்டும் தெறந்திருக்கு. சீக்கிரம் வா."

போகவில்லை. நேரே சூட்டுத் தட்டின் சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரம் போதும் — நிஜப் படத்தையே அவள் முன்னால் பிடிக்கலாம். சத்தியமாவது ஒன்றாவது! சில்லையும் இழையையும் பிடித்திருக்கும் தாங்கியோடு இடுக்கியில் எடுத்தும் விட்டேன். இடுக்கி பிடித்த கையைப் பார்த்தேன். இந்தக் கையை நம்பியா அவள் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தாள்? சில்லைப் பழைய இடத்தில் வைத்தேன், தட்டை அணைத்தேன், ஓடினேன்.

செஞ்சது சரியா? தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

மார்ச் 11, புதன்
காலை பதினொன்றே கால். போய்விட்டாள்.

பசை இறுக இன்னும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தது.

மார்ச் 23, திங்கள்
இன்றுதான் வேலைக்குப் போனேன். சில்லு வைத்த இடத்திலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. ஒளியை ஏற்றினேன். வந்தது. எல்லா அலைவரிசைகளும் தனித்தனியாகப் பிரிந்து, அதனதன் வழியில் ஒழுங்காகப் போயின. சூடு காட்டியிருந்தால் அவள் பார்த்திருப்பாளா, இல்லை இதுவும் கெட்டிருக்குமா? இனி யாரைக் கேட்பது?

மேலாளர் செய்தி கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தார். "பிரமாதங்க! கையக் குடுங்க!"

"கையெல்லாம் பசை சார்" என்றேன்.

கை சுத்தமாகத்தான் இருந்தது.