ஏட்டின் வலது பக்கம்

பட்டம்பாங், 4 ஜூன் 2012

அன்புத் தங்கை சன்னாரிக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நோம் பென்னில் சாட்சி சொல்லிவிட்டு நேற்றுத் திரும்பினேன். அந்தப் பட்டினிக் காலத்தில் நாட்டை ஆண்ட கமேர் ரூஜ் தலைவருக்காக வாதாடும் வக்கீல் அழைத்திருந்தார். கூட்டுப்பண்ணையில் நான் எழுதிய ஏடு நினைவிருக்கும். இடது பக்கம் மழை அளவு, வலது பக்கம் பண்ணையிலிருந்து வெளியே போன நெல் லாரிகள். அவர் இடது பக்கத்தை மட்டும் கேட்டார். 1977இல் மழை குறைவு என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இன்னும் யோசிக்கிறேன். நல்ல மனிதர், தண்ணீர்கூட ஊற்றித் தந்தார். நீதிபதிகளிடம் நீளமாகப் பேசியவர், வாசலில் மைக்குகளிடம் குட்டி வாக்கியங்களில் பேசினார். ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் சாரோம்

லியோன், 15 ஜூன்

அண்ணாவுக்கு,

அந்தக் குட்டி வாக்கியம் இங்கே வானொலியில் வந்தது: "பட்டினிக்குக் காரணம் வானம். மழை அளந்தவரே சொல்லிவிட்டார்." இங்குள்ள புத்த விகாரையில் சோறு பரிமாறும்போது ஒருத்தி கேட்டாள், "அக்கா, அப்ப உங்க பையன் ரித்தை மழைதான் கொன்னுச்சா?" என் மகன் செத்த வாரம் எத்தனை லாரி போயிற்று என்று உங்கள் ஏட்டில் இருக்கிறதே. ஏன் சொல்லவில்லை? இனி தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

சன்னாரி

பட்டம்பாங், 2 ஜூலை

அன்புத் தங்கைக்கு,

கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அந்த நாட்களில் கேட்டதற்கு மேல் பேசியவர்கள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்படி உயிரைக் காத்த பழக்கம் இன்னும் போகவில்லை.

மறுபடி நோம் பென் போய் வக்கீலைப் பார்த்தேன். வலது பக்கத்தை ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை.

"தாத்தா, எங்க ஆளுக்கு எதிரா நானே கேக்க முடியுமா? நான் பொய் சொல்லல. நீங்க சொல்லியிருக்கலாமே, யாரு தடுத்தா?"

அவரைக் குறை சொல்லத் தெரியவில்லை. என் மௌனத்தை வைத்துத்தான் அவர் கதை கட்டியிருக்கிறார். ஏட்டின் நகலை எதிர்த்தரப்பு வக்கீல்களிடம் கொடுத்தேன். என்னை மறுபடி சாட்சிக்கு அழைப்பது நிச்சயமில்லையாம். பிறகு அதே நீதிமன்ற வாசல் படியில் நின்றேன். வானொலிக்காரப் பெண் மழையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"நீ கேக்கலம்மா, ஆனாலும் சொல்றேன்" என்று வலது பக்கத்தைத் திறந்தேன். அந்த வாரம் பதினோரு லாரி. ரித்தின் பெயரையும் சொன்னேன்.

ஒலிபரப்புவார்களா, தெரியாது.

சாரோம்

லியோன், 20 ஜூலை

அண்ணாவுக்கு,

வானொலியில் வரவில்லை. உங்கள் கடிதத்தை விகாரையில் எல்லாரும் சாப்பிடும்போது எழுந்து நின்று படித்தேன். யாரும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நானாகத்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள்.

சன்னாரி