ஏழாம் நம்பர் எஞ்சின் நின்ற சேதி

கோவிந்தாபுரம்
14-10-79

சீமையில் இருக்கும் மகன் நல்லதம்பிக்கும் மருமகள் கமலாத்தாளுக்கும் என் தங்கப் பேத்தி பூமாரிக்கும் ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் வேளைக்கு உண்டு உறங்கிச் சுகமாக இருக்கிறோம், அங்கே குளிர் உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று மறைக்காமல் எழுதவும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பொம்மை ரயிலை ஓட்டுகிற நம்பர் பெட்டி செத்துவிட்டது, வேறு அனுப்பு என்று போன கடுதாசியில் எழுதியிருந்தேன் அல்லவா, அனுப்ப வேண்டாம். பெட்டிக்கு ஒன்றுமில்லை.

உங்கய்யனுக்கு வாதத்தில் வலது கை விழுந்த பிறகு பாலக்காட்டு டாக்டர் தினமும் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ரப்பர் பந்து ஒன்று கொடுத்தார், நானென்ன பாலகனா என்று அதைத் தொழுவத்தில் வீசியவர் உன் ரயிலை மட்டும் கட்டில் பக்கத்து மேசையில் போடச் சொல்லி, நீ எழுதியபடியே எஞ்சினின் ஏழாம் நம்பரைப் பெட்டியில் வலது விரலால் அழுத்தி, பிடியை மேலும் கீழும் தள்ளி, காலையும் மாலையும் ஓட்டிக்கொண்டிருந்தார். மாட்டை அதட்டுகிற மாதிரி எஞ்சினை அதட்டுவார், பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கை காப்பி டம்ளரைப் பிடித்தது. அப்படி இருக்கையில் ஆயுத பூசைக்கு மறுநாள் அழுத்தினால் பெட்டியில் ஏழு என்று சிவப்பாக எரிகிறது, எஞ்சின் அசையவில்லை. நாலு தரம் பார்த்தார். என்ர கை முரட்டுக் கை, அமுத்திக் கெடுத்துப்போட்டேன், கடைக்கே வராத சாமான், பையனை நம்பி அவன் வேலை பாக்கற கம்பெனிக்காரன் சோதனைக்குக் குடுத்தது என்று சொல்லிக் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டவர்தான், பிறகு வெளியே எடுக்கவில்லை. எண்ணெய் தேய்க்கவும் விடவில்லை, டம்ளர் மறுபடி இடது கைக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் விரல் உள்ளுக்கு மடங்க ஆரம்பித்தது. பயந்துபோய்த்தான் உனக்கு அந்தக் கடுதாசியை எழுதினேன்.

எழுதிவிட்டும் மனசு கேட்கவில்லை, நம் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற குருசாமியைக் கூப்பிட்டு அனுப்பினேன். பியூஸைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், எல்லாம் சரி. பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பு மரவட்டைகள் வரிசையாகக் காலூன்றி நிற்கிற மாதிரி என்னென்னவோ இருக்கிறது. அம்மணி, நான் காயில் கட்டறவனுங்க, இந்தப் பூச்சிக்கெல்லாம் எனக்கு வைத்தியம் தெரியாதுங்க, பெட்டி போயிருச்சுங்க என்று மூடிவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த உங்கய்யனுக்கு அது பொறுக்கவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, ஆனால் குத்தல் மட்டும் குறையவில்லை. ஏண்டா குருசாமி, வயலுக்குத் தண்ணி பாயலீன்னா எடுத்த எடுப்புல மோட்டாரையா குத்தஞ் சொல்லுவ, வாய்க்கால்ல அடைப்பிருக்குதான்னு பாக்கமாட்டயா என்றார். குருசாமி, அதுவும் சரிதானுங்க என்று பையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் பல்பை எடுத்து, பெட்டியிலிருந்து வரும் கம்பிகளில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பெட்டி உசுரோடதானுங்க இருக்குது என்றார். அதே பல்பைத் தண்டவாளத்தில் வைத்தார், எரியவில்லை. தண்டவாளத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, அம்மணி, சந்தனமுங்களா என்று கேட்டார்.

நான் என்ன சொல்லட்டும் கண்ணு. பூசையன்று மோட்டாருக்கும் ஏருக்கும் தையல் மெஷினுக்கும் வைத்தேன், சீமையிலிருந்து வந்ததை மட்டும் விடுவேனா. ஊர்க் கண்ணெல்லாம் பட்ட சாமான் என்று சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துத் தண்டவாளம் முழுக்க இழுத்து, எஞ்சின் சக்கரத்துக்கெல்லாம் பொட்டும் வைத்தேன். அது காய்ந்து ஓடாகி, தண்டவாளத்தில் போகிற கரண்டை மறித்திருக்கிறது. அஞ்சாவதில் கணக்குக்கு முதலாவதாக வந்தவள் நான், எனக்கு இது தோன்றவில்லை பார். உங்கய்யன் கட்டில் ஆடச் சிரித்தார். அப்ப நாங் கெடுக்கலியாட்ட இருக்குதே என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். குருசாமி துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கப் போனபோது, கொண்டாடா இங்கே என்று வாங்கி வலது கையாலேயே தேய்த்தார், மத்தியானம் முழுக்கத் தேய்த்தார், யாரையும் தொடவிடவில்லை. சாயங்காலம் ஏழாம் நம்பரை அழுத்தினார், எஞ்சின் கிளம்பிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கும் ஒரு குத்தல், அழுதுபோட்டு இதையுந் தண்டவாளத்துல ஊத்தாத என்று.

மற்றபடி வயல் நன்றாக இருக்கிறது, சிவலை மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. பூமாரி நம்பர் அழுத்துகிற மாதிரி நீ அனுப்பிய போட்டோவை வேலந்தாவளம் சந்தைக்குப் போனபோதுகூடக் கொண்டுபோய்க் காட்டினேன், நாலு வயதில் இந்த ஊரில் எவள் நம்பர் படித்தாள் சொல். குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, வாரம் ஒரு தரம் எண்ணெய் வைக்கச் சொல்லி மருமகளிடம் சொல், ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஸ்பிரிட்டு தவிர வேறு எதனால் துடைக்கலாம் என்று மறக்காமல் எழுது. மாரியாத்தாள் உங்கள் மூவருக்கும் நிழலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா மருதாத்தாள்

உங்கய்யன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கோணலாக இருந்தாலும் படி, வலது கையால் எழுதுவது.

தம்பி, பெட்டி மேலயும் தப்பில்ல. என்ர கை மேலயும் தப்பில்ல. கந்தப்பன்.