கழிப்பறையில் போன மாத்திரை

அக்கா,

நான் தூங்கும்போது என் பையைக் குடைந்து, மாத்திரை மொத்தத்தையும் கழிப்பறையில் கொட்டியிருக்கிறாய். அது போதை மாத்திரை இல்லை. போதை ஊசி போட்டுக்கொள்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க, தினமும் போடுகிற மருந்து. நேற்று இதைச் சொன்னதற்கு, "ஊசியை விட்டுத் தொலைடா, மருந்தே வேண்டாமே" என்கிறாய். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா? நான் விடுகிற வரைக்கும் நோய் வாசலில் காத்திருக்குமா? கிளினிக்கில்கூட யாரும் இப்படி நிபந்தனை போடவில்லை. நீதான் போடுகிறாய்.

மறுபடி வாங்கத்தான் போகிறேன். இந்த வயதில், "அக்கா கொட்டிட்டா" என்று நர்ஸ் முன்னால் நிற்க வேண்டும். எல்லாம் உன் புண்ணியம்.

குழம்பு அடுப்பில் இருக்கிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள்.

இன்னொன்று. புது டப்பாவை ஒளித்து வைக்க மாட்டேன். உன் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்ட பிறகும் பகலெல்லாம் தூங்கி, பாதி நாள் போட மறந்துவிடுகிறேன். காலையில் உன்னுடையதைப் போடும்போது என்னையும் எழுப்பிவிடு. திட்டிக்கொண்டே எழுப்பினாலும் சரி.