நீலத் தொட்டி

கிளாவரை,
வியாழக்கிழமை

தாரணியின் அம்மாவுக்கு,

நீ வத்தலக்குண்டுக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து தாரணி என்னிடம் குளிக்கவே மறுத்தாள். பொழுது சாய்ந்தால் அழுகைதான்.

திங்கட்கிழமை மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. வெந்நீர் வைத்துவிட்டு, பரணிலிருந்த நீலத் தொட்டியை இறக்கினேன். உன்னைக் கேட்காமல் இறக்கியது தப்புதான்.

"தம்பிப் பாப்பாவுக்கு வாங்குனதாப்பா?"

"ஆமா, தாயி."

"அவந்தான் வரலையே. நான் குளிச்சுக்கிறேன்."

ஆவியும் மேகமும் ஒன்றாகி, அவள் முகம் மட்டும் மிதந்தது. துவட்டும்போதே என் தோளில் தூங்கிவிட்டாள். மறுநாளிலிருந்து ஆறு மணியானால் அவளே துண்டை எடுத்து வருகிறாள்.

நீ வந்து பார்த்தால் மனசு நோகுமோ என்று, நேற்று அவள் குளித்ததும் தொட்டியை மறுபடி பரணில் ஏற்றப் போனேன்.

"வேணாம்ப்பா. அம்மா வந்து பாக்கட்டும்" என்றாள்.

கீழேயே வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்