ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன்

அணுபுரம் பக்கம்,
19.4.2026, ஞாயிறு

அன்பு மகன் கிருபாகரனுக்கு,

அப்பா தேவசகாயம் எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் தங்கை கவியாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். கனடாவில் குளிர் கொஞ்சம் விட்டிருக்கும் என்று கவியா சொன்னாள். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. டவுன்ஷிப் புல்தரைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டினாலும் சாயங்காலம் பார்த்தால் பழுத்துக் கிடக்கிறது. சூப்பர்வைசர் என்னைத்தான் முறைக்கிறான், சூரியனை முறைக்க முடியாது அல்லவா.

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் ஆராதனை முடிந்து வந்ததும் பேனாவைப் பிடித்தேன். கவியா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள்.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நிரந்தரமாக அங்கேயே தங்க விண்ணப்பம் போட்டதில் போன சுற்றில் நாலு மார்க்கில் தவறிவிட்டது என்றாய். வயது ஒன்று ஏறினால் மார்க் குறையும், வருகிற ஜூன் ஒன்றாம் தேதி சர்டிபிகேட்படி உனக்கு முப்பத்து மூன்று ஆகிவிடும், இன்னும் குறையும், வேலைப் பெர்மிட்டும் செப்டம்பரோடு முடிகிறது என்றாய். நிஜமான பிறந்த தேதி இருந்தால் இன்றைக்கே தேறியிருப்பேன் என்றாய். பிறகு, "ஒரு தேதியைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையா உனக்கு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, அந்த மார்க்குக்காகத் தூங்காமல் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஏதோ அலுப்பில் கேட்டிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனாலும் வலித்தது.

தேதி எனக்குத் தெரியும்டா. 1994, அக்டோபர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது நீ பிறந்தாய். வீட்டில் பிறந்ததால் பஞ்சாயத்தில் பதியவில்லை, அது என் தப்பு. ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரியாக இருக்கிறது. போன வாரம் ஆயரைக் கேட்டு நகல் வாங்கிவிட்டேன். கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, உன் பெயரை விட்டுவைத்திருக்கிறது.

பிறகு ஏன் பள்ளிக்கூடத்தில் ஜூன் ஒன்று, 1993 என்று இருக்கிறது? இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீயும் இதுவரை கேட்டதில்லை.

உன்னைப் பள்ளியில் சேர்த்த வருடம் எனக்கு வேலையில்லை. அம்மா நடவுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். உன்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டு நடுவாள். ஒருநாள் நீ பசி தாங்காமல் நாற்றைப் பிடுங்கித் தின்றிருக்கிறாய். பால்வாடி இரண்டு ஊர் தள்ளி இருந்தது. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே, மத்தியானம் சத்துணவு. ஐந்து வயது ஆகியிருந்தால்தான் சேர்ப்பார்கள், உனக்கு நாலுகூட ஆகவில்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து முடிந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அப்போது ஹெட்மாஸ்டர் ஜானகிராமன் சார். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்கு அன்றைக்கு ஒரே கணக்குதான்: வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். உன் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. சார் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன் தலையைத் தானே கொஞ்சம் சாய்த்து, கையை இழுத்துக் காதில் வைத்து, "தொட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு எழுதினார். எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற ஜூன் ஒன்றைத்தான் உனக்கும் போட்டார். அன்று மத்தியானம் நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாயாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ முன்பே சொல்லியிருந்தபடி செங்கல்பட்டில் ஷ்யாம் வக்கீலைப் பார்த்தேன். இதோடு நாலு தரம் போய்விட்டேன், முழங்கால் போதும் போதும் என்கிறது. ஞானஸ்நான நகலை வைத்துத் தேதியை மாற்றக் கேட்கலாம், கோர்ட்டு கோடை விடுமுறைக்கு முன்னால் போட்டால் செப்டம்பருக்குள் முடிக்கப் பார்க்கலாம் என்கிறார். நிச்சயம் என்று சொல்லவில்லை. அதற்கு நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியும் வைத்துவிட்டார். படித்துப் பார்த்தேன். பெற்றோரைக் கேட்காமல், விசாரிக்காமல், தலைமை ஆசிரியர் கவனக்குறைவாகத் தன் இஷ்டத்துக்குத் தேதி போட்டுவிட்டார் என்று இருக்கிறது.

நான்தான் பொய் சொன்னேன், அப்படியே எழுதுங்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். அப்படி எழுதினால் வழக்கே நிற்காது, பொய் சொல்லிப் பலனை அனுபவித்துவிட்டு இப்போது மாற்றக் கேட்கிறாயா என்று ஜட்ஜ் கேட்பார் என்றார். பேனாவைக் கையில் கொடுத்தார். அதை மேஜைமேல் வைத்தேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் செங்கல்பட்டுக்குப் போகவில்லை. திருக்கழுக்குன்றத்தில் சார் வீட்டுக்குப் போனேன். எண்பத்து மூன்று வயது, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நீ கனடாவில் இருப்பதைச் சொன்னதும் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "நம்ம ஸ்கூல் பையன்" என்று சொன்னார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "என் பேர்லயே போடுய்யா. இந்த வயசுல என்னை இன்னா பண்ணிடப் போறாங்க? புள்ள நல்லா இருக்கட்டும்" என்றார். ஆனால் காபியைக் கையில் வாங்கிய பிறகு, "கவனக்குறைவுன்னா எழுதியிருக்கு?" என்று ஒரு தரம் கேட்டார். ஆமாம் சார் என்றேன். முப்பத்து நாலு வருடம் ஒரு நாள்கூட லேட்டாகப் போகாத மனுஷன்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அவரே சரின்னுட்டாரு. கையெழுத்தப் போட்டுட்டு வராம இன்னாத்துக்கு இப்டி குந்திகினு கீற?" என்று இரண்டு நாளாகத் திட்டுகிறாள். அவள் கவலை அவளுக்கு. உனக்குப் பார்த்திருக்கும் மதுராந்தகத்துப் பெண் வீட்டார் மறுபடி சொல்லியனுப்பினார்கள், அங்கேயே தங்குவது உறுதியானால்தான் மேற்கொண்டு பேச்சாம். அவள் சொல்வதும் நியாயம்தான். எனக்கும் நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஏழு வருடம் அந்தக் குளிரில் நீ பெட்டி தூக்கியது வீணாகப் போவதை எந்த அப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்?

எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. டிகிரி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரு தேதி இருக்க, திடீரென்று வேறொன்று வந்தால் இதில் எது பொய் என்று அங்கே கேட்க மாட்டார்களா? உன் விசா ஏஜெண்ட் கேட்க மாட்டார்கள் என்கிறான். அவன் வாய் வலிக்காமல் சொல்லிவிடுகிறான், மாட்டுவது நீ. நன்றாக விசாரித்துக்கொள்.

வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன் கிருபா. என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீ போடு என்றால் போட்டுவிடுகிறேன். முதல் பஸ்ஸிலேயே போய்விடுவேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உனக்காக ஒரு தரம் பொய் சொன்னவன், இன்னொரு தரம் சொல்ல எனக்கு நாக்கு கூசாது. அந்தப் பொய் என்னோடு இருந்தது. இந்தப் பொய்யைச் சார் தலையில் வைக்க வேண்டும், அதுதான் கை வரமாட்டேன் என்கிறது.

வேண்டாம் என்று நீ சொன்னால், ஜூன் ஒன்று ஜூன் ஒன்றாகவே இருந்துவிடும். உன் மார்க்கைத் தின்றவன் அப்பன்தான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள், நான் கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சுப் பரீட்சையில் கர்த்தர் உனக்குத் துணை நிற்கட்டும். அதில் கிடைக்கிற மார்க்கை யாரும் பிடுங்க முடியாது.

எதுவானாலும் வெள்ளிக்கு முன்னால் போன் செய். மெசேஜ் போடாதே, உன் வாயால் சொல். அம்மாதான் எடுப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் கொடு என்று கேள். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
தேவசகாயம்